அலறல்காரர் வீட்டுத் திதி

காக்கைகள் பேசுவது மனிதர்களுக்குப் புரிய ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில், கீழப்புதுத் தெரு ஈஸ்வரமூர்த்தி அண்ணாச்சி சுத்த சைவம் இல்லை என்பது பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்துபோயிற்று.

அண்ணாச்சி நெற்றியில் பட்டை போடாமல் வாசற்படி இறங்காதவர். முட்டை சேர்த்த கேக் என்பதற்காகச் சொந்த அண்ணன் மகள் வரவேற்பில் பந்தியை விட்டு எழுந்து வந்தவர். அப்படிப்பட்டவர் மாடியில் வேட்டி உலர்த்த வந்தால் போதும், எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் இருக்கும் காக்கைகள் குட்டையாக ஒரு சத்தமும் இழுத்து ஒரு சத்தமும் போடும். பல்கலைக்கழகத்துக்காரர்கள் மின்கம்பத்தில் மாட்டியிருந்த பெட்டி அதைக் கேட்டுவிட்டு, தெருவிலுள்ள எல்லோருடைய கைப்பேசியிலும் உணர்ச்சியே இல்லாத ஒரு பெண் குரலில் அறிவிக்கும்: "மீன் தலை வருகிறார்."

அண்ணாச்சி முதலில் பெட்டி பழுது என்றார். பிறகு காக்கைகளை யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றார். கடைசியில் அவர் வீட்டம்மாதான் குழாயடியில் வைத்து உண்மையைச் சொன்னாள். வாரம் ஒரு தடவை சாளை மீன். டாக்டர் யாரோ கண்ணுக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார். மருந்தாகத் தின்பது தின்பதில் சேராது என்று அண்ணாச்சி பல வருஷமாகத் தனக்குத்தானே சொல்லி, அதை நம்பவும் நம்பியிருந்தார். தலைகளை மட்டும் பின்சுவருக்கு அப்பால் எறிந்துவிடுவார். மனிதர் யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான்.

தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. உலகநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

உலகநாதனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மின்சார அலுவலகத்தில் கண்காணிப்பாளர். யாரிடமும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காத நல்ல பெயர் அவருக்கு உண்டு. அந்தப் பெயரை அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொண்டார். அவர் அப்பா கைலாசம் இறந்து நாலு வருஷம் முடியப்போகிறது. அடுத்த வாரம் திதி. அதற்காக அக்கா ஆவுடையம்மாள் அம்பாசமுத்திரத்திலிருந்து வழக்கம்போல முன்கூட்டியே வந்து, சமையற்கட்டில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் சொந்தக்காரி வீட்டுக்கே வந்து நின்றது அன்றைக்குத்தான்.

ஜெபமலர் என்று பெயர் சொன்னாள். நாகர்கோவில் பெண். காக்கைக் குரலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பலகைத் திரை. அதில் கீழப்புதுத் தெருவின் படம் இருந்தது. காக்கை உட்காரும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.

"சார், இந்தத் தெருவுல எல்லார் வீட்டு மாடியிலயும் காக்கா உக்காருது. உங்க மாடியில மட்டும் ஒண்ணுகூட இல்ல. படத்துல உங்க வீடு பல்லு விழுந்த இடம் மாதிரி இருக்கு. ஏன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு பெட்டி வச்சுக்கிடட்டுமா?"

"செல்போன் டவர் வந்த பெறகு காக்காயே கொறைஞ்சு போச்சேம்மா," என்றார் உலகநாதன்.

"எதுத்த வீட்டுல இப்பவே கூட்டமா நிக்குதே சார்."

உலகநாதன் பதில் தேடுவதற்குள் ஆவுடையம்மாள் முறத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

"யாருட்டி சொன்னா எங்க மாடிக்கு வராதுன்னு? வருஷா வருஷம் எங்க அப்பா திதிக்கு வந்து கவளம் எடுத்துட்டுப் போகுதே. தம்பி கண்ணால பாத்திருக்கான். நீயே சொல்லு உலகு."

ஜெபமலரின் கண்கள் விரிந்தன. "அப்படியா சார்? எப்படி இருந்துச்சு?"

மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை அது. உலகநாதனின் நாக்கு தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"சாதாரணக் காக்காதான். கழுத்துல சாம்பல் நிறம். தலையச் சாய்ச்சுப் பாத்துச்சு. வலது கால்ல ஒரு சின்ன நொண்டல்."

"அப்பாவுக்கும் வலது கால்தான் நொண்டும்," என்று ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நொண்டுற காக்காவா?" ஜெபமலர் பலகையைத் தடவிப் பார்த்தாள். "இந்தப் பக்கத்துக் காக்கா அத்தனையும் எங்களுக்குத் தெரியும் சார். நொண்டுறது ஒண்ணும் இல்லையே. அப்போ கண்டிப்பா பெட்டி வைக்கணும்."

"வச்சுக்கோம்மா," என்றாள் ஆவுடையம்மாள். "எங்க அப்பா என்ன சொல்லுதாகன்னு இந்த வருஷம் நானும் காது குளிரக் கேக்கேன்."

"அம்மா, காக்கா சொல்லுறது கேக்கும். மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். நீ வையி."

அக்கா சொன்னபிறகு உலகநாதன் என்ன சொல்ல முடியும்? மாடியில் ஒரு பெட்டியும், வீட்டின் பின்சுவரில் ஒரு பெட்டியும் ஏறின.

நடந்தது இதுதான். கைலாசம் உயிரோடு இருந்தவரை தினமும் காலையில் மாடிக்குப் போய்க் காக்கைகளுக்குச் சோறு வைப்பார். வைத்துவிட்டு, அவற்றோடு அரைமணி நேரம் ஊர் வம்பு பேசுவார். உலகநாதன் மாடி முழுக்கச் சூரியத் தகடு போட்டபோதுதான் தகராறு வந்தது. தகடுகள் மேல் காக்கைகள் எச்சமிட்டன. எச்சம் விழுந்த தகட்டில் மின்சாரம் குறைந்தது. மின்சார அலுவலகத்து அதிகாரி வீட்டிலேயே மின்சாரம் குறைந்தால் அவருக்குப் பொறுக்குமா? ஒரு காக்கை விரட்டி வாங்கி வந்தார். காக்கை வந்து உட்கார்ந்ததும் கண் திறந்து பார்த்து, சாகப்போகும் காக்கையின் அலறலை ஒலிபரப்பும் யந்திரம் அது. சரியாக வேலை செய்கிறதா என்று அவரே பக்கத்தில் நின்று நாலைந்து முறை அலறவிட்டுப் பார்த்தார்.

கைலாசம் கொதித்துப்போனார். "சாவுச் சத்தத்தப் போட்டு வெரட்டுதியா? முதல்ல அதைக் கழட்டி எறி" என்றார். "சரிப்பா" என்ற உலகநாதன், யந்திரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாட்டினார். கீழே கேட்காதபடி சத்தத்தைக் குறைத்தார். "எடுத்துட்டேன்பா" என்று வந்து சொன்னார். இருந்த இடத்திலிருந்து எடுத்தது உண்மைதானே என்று அப்போது தன்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் கைலாசம் குளியலறையில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதன் பிறகு பின்னறைக் கட்டிலோடு சரி. "மாடியில காக்கா வருதாடே?" என்று மகனைக் கேட்பார். "முன்ன மாதிரி வரலைப்பா, ஊரெல்லாம் டவரு" என்பார் உலகநாதன். கிழவர் தலையை ஆட்டிக்கொள்வார். ஏழெட்டு மாதத்தில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உலகநாதன் அந்த யந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். கொண்டுபோய் வேறு ஊரில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டார். ஆனால் முதல் திதிக்குக் காக்கை வரவில்லை. அண்டை அயலாரெல்லாம் பசியோடு காத்திருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கார அக்காவுக்குத் தலை சுற்றுகிறது. காக்கை எடுக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள். "கூட்டத்தைப் பாத்தா வராது, எல்லாரும் கீழ இருங்க" என்று உலகநாதன் தனியாக மாடிக்குப் போனார். கவளத்தைப் பின்சுவருக்கு அப்பால் வீசினார். கீழே வந்து, "எடுத்துட்டு, காக்கா எடுத்துட்டு" என்றார்.

அக்காவின் உயிரைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய், அதில் என்ன தப்பு? அடுத்த வருஷம் அதே பொய்யில் கழுத்துச் சாம்பல் சேர்ந்தது. போன வருஷம் நொண்டல் சேர்ந்தது. எப்போதாவது அரைத் தூக்கத்தில் அந்த நொண்டிக் காக்கையை அவரே கண்ணால் பார்ப்பதுண்டு.

பெட்டி வைத்த மறுநாள் அலுவலகத்துக்குக் கிளம்பிய உலகநாதன் வாசல் கேட்டைத் திறந்தார். மின்கம்பத்துக் காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன. சட்டைப் பையில் கைப்பேசி பேசியது: "அபாயம். அலறல்காரர் வருகிறார்."

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரமூர்த்தி அண்ணாச்சி பேப்பரை இறக்கினார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது.

"நானாவது மீனு. தின்னேன், ஒத்துக்கிட்டேன். உமக்கு என்னவே அலறல்?"

"எனக்குக் குறட்டை ஜாஸ்தி அண்ணாச்சி," என்றார் உலகநாதன்.

"காக்காய்க்குக் கேக்குத அளவுக்கா?"

"ஜன்னல் பக்கம் படுக்கேன்."

அலுவலகத்திலிருந்தே ஜெபமலரைக் கூப்பிட்டார். பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

"பெட்டி தானா பேரு வைக்காது சார்," என்றாள் அவள். "காக்கா ஒரு சத்தத்தை எப்பெப்போ போடுதுன்னு பாக்கும். உங்க வீட்டுப் பெட்டியும் சேந்து கேட்ட பெறகுதான் இந்தச் சத்தம் பிடிபட்டுச்சு. உங்களைப் பாத்தா போடுற சத்தத்துல, சாவு அலறல்ல உள்ள ஒரு துண்டு கலந்திருக்கு. யாரு பக்கத்துல அந்த அலறலைக் கேட்டுச்சோ அந்த மூஞ்சிக்கு அதே பேரு. காக்கா மூஞ்சிய மறக்கவே மறக்காது சார். குஞ்சு பொரிச்சா குஞ்சுக்கும் காட்டிக் குடுக்கும். உங்க மாடிக்கு வராததுக்கும் அதுதான் காரணமா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அங்க ஏதாச்சும் மெஷின் வச்சிருந்தீங்களா சார்?"

"இல்லையேம்மா," என்றார் உலகநாதன், யோசிக்கக்கூட இல்லாமல்.

போனை வைத்த பிறகு அவருக்கு முதலில் வந்தது, வெட்கத்தைவிட ஆறுதல்தான். அப்பா கோபத்தில் வராமல் போகவில்லை. காக்கைகள்தான் பயத்தினால் வரவில்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு கல் நகர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அது நகர்ந்த இடத்தில் இன்னொன்று தெரிந்தது. அப்பா கட்டிலில் கிடந்து கேட்டாரே, காக்கை வருகிறதா என்று. தன்னிடம் பேசிக்கொண்டிருந்த ஒரே கூட்டமும் தன்னை விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே அவர் செத்திருப்பார். அந்த நினைப்பை அவருக்குக் கொடுத்தது யார்? மத்தியானச் சாப்பாட்டை உலகநாதன் திறக்கவே இல்லை.

வீட்டில் அவர் மனைவி வடிவு டப்பாவை வாங்கிப் பார்த்தாள். "ஏன் சாப்பிடல?" என்றாள். "பசியில்ல" என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மதினி வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

திதி அன்று வானம் வெளுப்பாக இருந்தது. படையல் முடிந்தது. வாழையிலைத் துண்டில் கவளம், அதன்மேல் ஓர் உளுந்த வடை. உலகநாதன் அதை எடுத்துக்கொண்டு, "நீங்க எல்லாரும் கீழ இருங்க" என்று வழக்கமான வசனத்தை ஆரம்பித்தார்.

"இந்தத் தடவ கீழ இருக்க மாட்டேன்," என்றாள் ஆவுடையம்மாள். "அப்பா பேசப்போதாக. நான் மேல இருந்து கேக்கணும்."

மாடிப்படி ஏற அவளுக்கு மூட்டு வலி. வடிவு ஒரு பக்கம், ஜெபமலர் ஒரு பக்கமாகத் தாங்கி ஏற்றினார்கள். கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு உலகநாதன், "கா... கா..." என்று கூப்பிட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

நாலு வீடு தள்ளி ஒரு கூட்டம் கரைந்தது. பெட்டி பேசியது: "அபாயம். அபாயம். அலறல்காரர்."

"யாரைச் சொல்லுது?" என்றாள் ஆவுடையம்மாள்.

வெயில் ஏறியது. வடை காய்ந்து விளிம்பு கறுத்தது. ஆவுடையம்மாள் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். அவள் கை லேசாக நடுங்குவதை உலகநாதன் பார்த்தார்.

"ஒரு வாய் ஜூஸாவது குடி அக்கா."

"அப்பா எடுக்காம எப்படிடே குடிக்கது?" அவள் தொலைவில் இருந்த காக்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்குத் தெரியும். கோவம் என் மேலதான். கட்டில்ல கெடக்கும்போது எத்தன தடவ கூப்பிட்டாக, ஒரு எட்டு வந்துட்டுப் போடீன்னு. புது வீடு பால் காய்ச்சட்டும், ஆடி கழியட்டும்னு நாளைக் கடத்துனேன். மூணு வருஷமா காக்கா வந்து எடுத்துச்சுன்னு நீ சொல்லும்போதெல்லாம், சரி, அப்பா என்னை மன்னிச்சுட்டாகன்னு நெனச்சுத்தான் சோறு எறங்குச்சு. இன்னைக்கு நான் மேல ஏறி வந்தேன். என் மூஞ்சியப் பாத்துட்டு வரமாட்டேங்குதாக."

உலகநாதன் கேட்டுக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அக்கா தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வாள். ஜெபமலர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அடுத்த வருஷம் ஏதாவது ஒரு வழி பண்ணிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் மனசு கணக்குப் போட்டது என்பதும் உண்மைதான். ஆனால் அக்காவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"அக்கா, காக்கா ஒரு வருஷமும் வரல," என்றார்.

அவள் திரும்பினாள்.

"நான்தான் பின்பக்கம் வீசுனேன். நொண்டிக் காக்காயும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அது சொல்லுத அலறல்காரன் நான்தான். தகட்டுக்காக ஒரு மெஷின் வச்சேன். அப்பா எடுக்கச் சொன்னாக. எடுத்துட்டேன்னு பொய் சொல்லிட்டு இந்தத் தொட்டிக்குப் பின்னாலயே வச்சிருந்தேன். அவுக சாகுத வரைக்கும் அது அலறிட்டுத்தான் இருந்துச்சு. உன் மேல அப்பாவுக்குக் கோவம் கெடையாது. எம்மேலதான் இருக்கணும். காக்காயெல்லாம் தன்னை விட்டுட்டுப் போயிட்டுன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாக."

சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜெபமலர் பலகையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். பேச்சு வந்தது வடிவிடமிருந்து.

"மாமா அப்படியெல்லாம் நெனைக்கல," என்றாள்.

"நீ என்ன கண்ட?" என்றார் உலகநாதன்.

"மாமா படுக்கைக்கு நேர் மேலதான் இந்தத் தொட்டி. சத்தத்தக் கொறைச்சா அவுகளுக்குக் கேக்காதா? முதல் நாளே கேட்டுட்டாக. நான் போயி உங்க காதுல போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாக." வடிவு முந்தானையைச் சுருட்டினாள். "'எடுத்துட்டேன்னு எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டான். இப்பப் போயி இருக்குன்னு சொன்னா பயலுக்கு மூஞ்சி செத்துப்போகும். எடுத்ததாவே இருக்கட்டும். காக்கா என்ன, மாடிக்குத்தான் வரணுமா'ன்னாக. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் வழியா தெனம் காலையில பிஸ்கட்ட நொறுக்கிப் போடுவாக. அவுகளுக்குக் குடுக்குத பிஸ்கட்டுதான். அந்தக் காக்காய்ககூட உக்காந்து பேசுவாக. நீங்க ஆபீஸுக்குக் கெளம்புன பெறகு."

"எங்கிட்ட காக்கா வருதான்னு கேட்டாகளே."

"மாடியிலதானே கேட்டாக. நீங்க எப்பத்தான் உண்மையச் சொல்லுவீங்கன்னு பாக்கதுக்குக் கேட்டாக."

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் ஒரு மாதிரியான சத்தம்தான் வெளியே வந்தது. இத்தனை நாளாக அவர் மனசுக்குள் கட்டிலில் தனியாகக் கிடந்த கிழவர், இப்போது ஜன்னல் பக்கம் சாய்ந்து காக்கைகளோடு வம்பு பேசிக்கொண்டிருந்தார். அதில் மகனைப் பற்றிய வம்பும் இருந்திருக்கும்.

"ஏட்டி, இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள் ஆவுடையம்மாள்.

"இவுக சொல்லட்டும்னு இருந்தேன் மதினி. மாமாகிட்ட வாக்குக் குடுத்தேன்னு எனக்கு ஒரு சாக்கு. முதல் வருஷமே பின்பக்கம் சோத்துருண்டை கெடந்தத பாத்தேன். நாய் தின்னுச்சு. நானும் வாயைத் தொறக்கலதான்."

ஜெபமலர் பலகையிலிருந்து தலையைத் தூக்கினாள். "சார், பின்னறை ஜன்னல் எது? கீழ பீரோ நிக்குதே, அதுக்குப் பின்னாலயா?"

"ஆமா," என்றாள் வடிவு. "அங்க பீரோவ வைக்காதீங்கன்னு சொன்னேன். ஏன்னு இவுக கேக்கவே இல்ல."

"பின்சுவர்ப் பெட்டியில ஒரு வாரமா தெனமும் காலையில ஒரே பேச்சு வருது. எனக்கு வெளங்கல. பெட்டி தப்பா சொல்லுதுன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்." அவள் பலகையைத் தட்டினாள். உணர்ச்சியில்லாத அந்தப் பெண் குரல் சொன்னது: "ஜன்னல். பிஸ்கட். இல்லை." சற்று நேரம் கழித்து வேறொரு காக்கை: "ஜன்னல். இல்லை."

"தெனமுமா?" என்றார் உலகநாதன்.

"தெனமும் சார். வந்து பாத்துட்டு, இல்லைன்னு சொல்லிட்டுப் போகுதுங்க. இதுல பாதி, போன வருஷம் பொறந்த காக்கா. உங்க அப்பாவைப் பாத்தே இருக்காது. பாத்த காக்கா சொல்லிக் குடுத்திருக்கு."

ஆவுடையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பீரோவ நகத்து," என்றாள் தம்பியிடம். அவ்வளவுதான் அவனைத் திட்டினாள்.

இரும்பு பீரோ லேசில் நகரவில்லை. உலகநாதனும் ஜெபமலரும் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். எதிர்வீட்டிலிருந்து ஈஸ்வரமூர்த்தி அண்ணாச்சியும் வந்து தோள் கொடுத்தார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சத்தம் கேட்டே எல்லாம் விளங்கியிருக்கும். ஜன்னல் கதவு மழையில் ஊதி, சிக்கிக்கொண்டிருந்தது. நாலு குத்து விட்டதும் திறந்தது. வெளியே ஜன்னலடிக் கல்லில் வெள்ளை வெள்ளையாக எச்சம். நாலு வருஷத்து வருகைப் பதிவு அங்கே இருந்தது.

உலகநாதன் இலையை வடிவிடம் நீட்டினார். "நீ வையி. என்னைப் பாத்தா வராது."

"மகன்தான் வைக்கணும்," என்றாள் ஆவுடையம்மாள். "வராட்டி நிக்கட்டும். நீ வையி."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார். அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கவளத்தைக் கல்லில் வைத்தார். வடிவு உள்ளே போய் ஒரு பிஸ்கட் கொண்டுவந்தாள். அதையும் நொறுக்கிப் பக்கத்தில் போட்டார்.

முதலில் ஒன்று வந்து முருங்கைக் கிளையில் உட்கார்ந்தது. பிறகு இரண்டு, மூன்று. அவரைப் பார்த்ததும் இறக்கையை விரித்தன.

"அபாயம். அலறல்காரர்," என்றது பெட்டி. உடனே இன்னொன்று: "ஜன்னல். பிஸ்கட்." "அலறல்காரர்." "ஜன்னல்." "அலறல்காரர்." "ஜன்னல். ஜன்னல்."

"வாக்குவாதம் நடக்குது சார்," என்று ஜெபமலர் கிசுகிசுத்தாள். "இந்த மூஞ்சியும் இந்த இடமும் சேந்து இருக்கிறது அதுங்களுக்கு ஒத்துவரல. அசையாம இருங்க."

உலகநாதன் அசையவில்லை. தப்பித்து ஓடவும் அவருக்குத் தோன்றவில்லை. என்னைப் பற்றி இத்தனை பேர் எதிரே உட்கார்ந்து வழக்குப் பேசுகிறார்கள், பேசட்டும் என்று இருந்தது. ஆச்சரியம், மனசு லேசாகவே இருந்தது.

கூட்டத்திலேயே வயதான ஒன்று, கழுத்தெல்லாம் இறகு உதிர்ந்தது, கிளையிலிருந்து கல்லுக்குத் தாவியது. இரண்டு காலிலும் நொண்டல் எதுவும் இல்லை. உலகநாதனைத் தலை சாய்த்துப் பார்த்தது. வடையைக் கவ்விக்கொண்டு பறந்து, சுவர் மேல் உட்கார்ந்து, வடையைக் காலால் அழுத்திக்கொண்டு ஒரு குரல் கொடுத்தது.

பெட்டி சொன்னது: "ஜன்னல். இருக்கிறார்."

ஜெபமலர் மெல்லத் தொண்டையைச் செருமினாள். "ஜன்னல்ல ஆள் இருக்குன்னு அர்த்தம்மா. அவ்வளவுதான். வேற எதுவும் நான் சொல்ல மாட்டேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா," என்றாள் ஆவுடையம்மாள். "அது போதும்."

மற்றக் காக்கைகளும் இறங்கிக் கவளத்தைப் பிய்க்க ஆரம்பித்தன. ஜெபமலர் பெட்டியைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா சார், உங்க பேரு லேசுல மாறாது. ரெண்டு மூணு தலைமுறையாவது ஆகும். காக்காத் தலைமுறைதான், பயப்படாதீங்க."

"எம் பேரும் மாறாதாம்மா?" என்று அண்ணாச்சி வாசலருகே நின்று கேட்டார்.

"நீங்க தலையைப் போடுறத நிறுத்துனா மாறும்."

அண்ணாச்சி யோசித்தார். "இருக்கட்டும். பழகிட்டு," என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அக்காவும் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். ஆனாலும் உலகநாதன் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் முன்னால் போய் நின்றார். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத் திரும்ப ஒரு முறை சொன்னார்.

"அக்கா, எடுத்துட்டு."

"பாத்தேன்டே," என்றாள் அவள். "வா, இலையப் போடச் சொல்லு. பசிக்கு."